வேர்ட்ஸ்வொர்த்தின் கிராமம் யாருடைய கிராமம்?

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்துக்குப் படிக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: கைடில் ரொமான்டிக் கவிதையின் பண்புகள் என்று இயற்கை, உணர்ச்சி, எளிய கிராம வாழ்க்கை மூன்றையும் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். இவை ஏன் எப்போதும் சேர்ந்தே வருகின்றன, ஊரில் உழைக்காத படித்தவர்கள் ஊரைப் பார்த்து விட்ட பெருமூச்சுதானே இதெல்லாம்? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கும் உள்ள உறவு என்ன என்பது ஒன்று. அதற்கு எழுத்து ஆதாரத்தோடு பதில் சொல்லலாம். அந்தக் கிராமம் உண்மையா பாவனையா என்பது மற்றொன்று. அதற்கு மொத்தமாக ஒரே பதில் கிடையாது, கவிஞருக்குக் கவிஞர், கவிதைக்குக் கவிதை மாறும். ஜெர்மன், பிரெஞ்சு ரொமான்டிக் இயக்கங்களின் கதை வேறு. இங்கே நான் பேசுவது இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கவிதையை மட்டும். அதிலும் இங்கிலாந்துக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தையே நடுவில் வைத்துப் பேசுகிறேன், ஏனென்றால் இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியவர் அவர்தான்.

அந்தக் கட்டு எங்கே விழுந்தது என்று பார்க்க 'லிரிக்கல் பேலட்ஸ்' தொகுப்புக்குப் போக வேண்டும். 1798இல் ஆசிரியர் பெயரே இல்லாமல் வந்த நூல் அது. மொத்தம் 23 கவிதைகள். நான்கு அவருடைய நண்பர் கோல்ரிட்ஜுடையவை, மீதி வேர்ட்ஸ்வொர்த்துடையவை. 1800 என்று ஆண்டிட்ட இரண்டாம் பதிப்புக்கு ஒரு நீண்ட முன்னுரை சேர்ந்தது, 1802இல் அது இன்னும் விரிந்தது. எளிய நாட்டுப்புற வாழ்க்கையைத் தான் எடுத்துக்கொண்டதற்கான காரணங்களை வேர்ட்ஸ்வொர்த் அதில் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அங்கே மனித மனத்தின் அடிப்படை உணர்ச்சிகள் முதிர்வதற்கு நல்ல மண் கிடைக்கிறது. அவற்றுக்குக் கட்டுப்பாடு குறைவு, வெளிப்படும் பேச்சும் நேரடியானது. அந்த உணர்ச்சிகள் மலை, ஓடை, பருவம் போன்ற நிலைத்த வடிவங்களோடு கலந்து கிடக்கின்றன. இந்த வாதத்தில் கிராமம் அழகானது என்ற பேச்சே இல்லை. உணர்ச்சியை மறைக்கும் திரை குறைவாக இருக்கும் இடம் என்பதால்தான் கிராமம் வருகிறது. அந்த உணர்ச்சியைப் பிடித்துவைக்கும் பொருளாக இயற்கை வருகிறது. ஆக, கைடு மூன்று புள்ளிகளாகப் பிரித்துப் போட்டது உண்மையில் ஒரே வாதத்தின் மூன்று படிகள்.

அதே முன்னுரையில் இன்னொரு வரி உண்டு, பலரும் தாண்டிப் போய்விடுவது. வழக்கமான கவிதையில் சம்பவமும் சூழலும் உணர்ச்சிக்கு முக்கியத்துவம் தரும், என் கவிதைகளிலோ உணர்ச்சிதான் சம்பவத்துக்கு முக்கியத்துவம் தருகிறது என்கிறார். 'சைமன் லீ'யை எடுத்துப் பாருங்கள். சைமன் ஒரு காலத்தில் பெரிய வீட்டு வேட்டைக்காரர்களோடு ஓடியவர், இப்போது முதுமை, வீங்கிய கணுக்கால், ஒரு துண்டு நிலம். அழுகிப்போன மரத்தின் வேரை வெட்டி எடுக்க மண்வெட்டியோடு திணறிக்கொண்டிருக்கிறார். கவிதை சொல்பவர் கருவியை வாங்கி ஒரே வெட்டில் அதை அறுத்துவிடுகிறார். கிழவரின் கண்ணில் நீர் வழிய, நன்றி சொல்லி மாளவில்லை. அவ்வளவுதான் சம்பவம். நடுவிலேயே கவிஞர் வாசகரிடம், 'நீங்கள் கதையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள், இது கதை இல்லை' என்று சொல்லிவிடுகிறார். முடிவில், மனிதரின் நன்றிகெட்டதனத்தைவிட அவர்களுடைய நன்றிதான் என்னை அதிகம் வருந்தவைத்திருக்கிறது என்கிறார். ஏன் வருத்தம்? ஒரு வெட்டுக்கு இவ்வளவு நன்றி சொல்லும் நிலைக்கு ஒருவர் வந்துவிட்டாரே என்பதுதான். உதவி செய்தவரின் பெருமை அந்த இடத்தில் கரைந்துபோகிறது. இதில் கிராமத்தை வியக்கும் ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து உணர்ச்சி. நல்ல கவிதை என்பது வலிய உணர்ச்சிகளின் தன்னியல்பான பொங்குதல் என்ற அந்தப் பிரபல வரியைத் தேர்வுத்தாள்களில் பாதியில் வெட்டிவிடுகிறார்கள். வாக்கியம் அங்கே முடியவில்லை. மிகுந்த உணர்திறனோடு நீண்ட நேரம் ஆழ்ந்து சிந்தித்தவரிடமிருந்துதான் மதிப்புள்ள கவிதை வரும் என்று அது தொடர்கிறது. பின்னால், அமைதியில் நினைவுகூரப்படும் உணர்ச்சியிலிருந்து கவிதை பிறக்கிறது என்றும் வருகிறது. அதாவது உணர்ச்சி முதலில், இடைவெளி பிறகு, அந்த இடைவெளியில் பழைய உணர்ச்சியைப் போன்ற ஒன்று மறுபடி மனத்தில் உருவாகிறது, அதன் பின்தான் எழுத்து.

டாஃபடில் பூக்கள் பற்றிய கவிதையின் தேதிகளே இதற்குச் சாட்சி. 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கௌபரோ பார்க் பக்கம் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டோரதியும் நடந்து வந்தார்கள். கவிதை எழுதப்பட்டது 1804இல். அச்சில் வந்தது 1807இல், மூன்று பத்திகளோடு. 1815இல் நட்சத்திரங்களை ஒப்பிடும் பத்தி சேர்ந்து நான்காயிற்று, 'நடனமாடும்' டாஃபடில்கள் 'பொன்னிற' டாஃபடில்கள் ஆயின. கவிதையின் உயிரான, உள்மனக் கண்ணில் பூக்கள் பளிச்சிடும் அந்த இரண்டு வரிகள் மனைவி மேரி தந்தவை என்று வேர்ட்ஸ்வொர்த்தே சொல்லியிருக்கிறார். டோரதியின் நாட்குறிப்பில் அன்றைய காற்று மூர்க்கமாக அடிக்கிறது, முதலில் நீர்விளிம்பில் சில பூக்கள்தான் தெரிகின்றன, நடக்க நடக்கப் பெருகுகின்றன, சில பூக்கள் களைத்துப்போய் கற்களின் மேல் தலைசாய்த்திருக்கின்றன. கவிதையில் காற்று இளங்காற்றாகிவிட்டது, களைத்த பூக்கள் இல்லை, டோரதியும் இல்லை. மேகத்தைப் போலத் தனியே அலைந்தேன் என்று தொடங்குகிறது. பூவைப் பார்த்ததும் பொங்கி எழுதினார் என்று விடைத்தாளில் எழுதினால் அது பிழை. இரண்டு வருடம் கழித்து, சோபாவில் படுத்திருக்கும்போது அந்தப் பூக்கள் என்ன செய்கின்றன என்பதுதான் கவிதை. தங்கையை விட்டுவிட்டாரே என்று கோபப்படுபவர்கள் உண்டு. கோபம் நியாயம்தான். ஆனால் கவிதைக்குத் தேவைப்பட்டது தனிமையில் வரும் நினைவு. அதற்காகவே அந்த நடையும் தனிநடையாக மாற்றப்பட்டது என்பது என் கணிப்பு.

இயற்கை பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, ஒரு பயிற்சி சொல்கிறேன். 1798 ஜூலை 13 என்று தலைப்பிலேயே தேதி போட்ட 'டின்டர்ன் ஆபி' கவிதையை எடுத்துக்கொண்டு, இடத்தை வர்ணிக்கும் வரிகள் எத்தனை, அந்த இடம் மனத்துக்குள் என்ன செய்தது என்று சொல்லும் வரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 160 வரிகளில் நேரடி வர்ணனை முதல் பத்தியோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். மீதியெல்லாம் காலக்கணக்கு: சிறுவயதின் துள்ளல், ஐந்து ஆண்டுக்கு முந்தைய வெறி, இப்போது காதில் விழும் மனித வாழ்வின் மெல்லிய துயர இசை, இனி டோரதியின் நினைவில் இந்த இடம் என்ன ஆகும் என்ற யோசனை. தலைப்பில் இருக்கும் பாழடைந்த மடாலயம் கவிதைக்குள் வரவே இல்லை. இங்கேதான் ஒரு பெரிய சண்டை நடந்தது. 1782இல் அச்சான வில்லியம் கில்பினின் பயண நூல், மடாலயத்தின் இடிபாடுகளில் பிச்சைக்காரர்கள் குடியிருந்ததையும் பக்கத்திலேயே இரும்பு ஆலைகள் இயங்கியதையும் சொல்கிறது. அதையெல்லாம் கவிதை மறைக்கிறது என்று 1986இல் விமர்சகர் மார்ஜரி லெவின்சன் வாதிட்டார். இரும்பு ஆலையும் பிச்சைக்காரர்களும் இருந்தது உறுதியான செய்தி. கவிஞர் வேண்டுமென்றே மறைத்தார் என்பது ஊகம். காட்டில் வீடற்று அலைபவர்களைப் பற்றி ஒரு வரி கவிதையிலேயே இருக்கிறது, ஆனால் ஒரு வரிதான். இரண்டு பக்கத்தையும் எழுதி, உங்கள் சாய்வை அந்த ஒரு வரியை வைத்து நியாயப்படுத்தினால் விடை நிற்கும்.

பெருமூச்சா இல்லையா என்ற உங்கள் கேள்விக்கு நான் கொடுக்கும் முக்கியச் சாட்சி 'மைக்கேல்'. 1800இல் எழுதிய, ஐந்நூறு வரிக்குச் சற்றுக் குறைவான, எதுகையில்லாத பிளாங்க் வெர்ஸ் கவிதை. கிராஸ்மியர் பக்கத்து கிரீன்ஹெட் கில் ஓடையோரம் ஒரு கற்குவியல் கிடக்கிறது, கண்டும் காணாமல் போய்விடக்கூடிய குவியல், அதற்கு ஒரு கதை உண்டு என்று தொடங்குகிறது. மைக்கேல் எண்பது வயது இடையர், சொந்த நிலம் உள்ளவர். மனைவி இசபெல் இருபது வயது இளையவள். அவளிடம் இரண்டு ராட்டைகள், பெரியது கம்பளி நூற்க, சிறியது ஆளி நார் நூற்க. இரவு உணவு கஞ்சி, ஆடை எடுத்த பால், ஓட்ஸ் ரொட்டி, வீட்டில் செய்த பாலாடைக்கட்டி. சாப்பிட்டபின்னும் வேலை உண்டு. கம்பளியைச் சிக்கெடுப்பதோ, அரிவாளையும் கதிரடிக்கும் கோலையும் சரிசெய்வதோ நடக்கும். அந்த வீட்டு விளக்கு இரவு நெடுநேரம் எரிவதால் பள்ளத்தாக்கே அந்த வீட்டுக்கு 'அந்தி விண்மீன்' என்று பெயர் வைத்திருக்கிறது. பெயர் அழகாக இருக்கிறது, ஆனால் அது கூடுதல் உழைப்பால் வந்த பெயர். இதே போலத்தான் காற்றும். தெற்கிலிருந்து காற்று மாறி ஓசை எழுப்பினால் மற்றவர்கள் கவனிப்பதில்லை, மைக்கேல் மட்டும் 'காற்று எனக்கு வேலை வைக்கிறது' என்பார். வழிப்போக்கரை ஒதுங்கவைக்கும் புயல் அவரை மலைமேல் ஆடுகளிடம் ஏற்றுகிறது. ரசிப்பதற்கான இயற்கை இது இல்லை.

வயதான காலத்தில் பிறந்த ஒரே மகன் லூக். ஐந்து வயதில் அப்பா அவனுக்கு ஓர் இடையர் கோலை வெட்டி, இரும்புப் பூண் போட்டுத் தருகிறார். கதவடியிலோ வேலிச் சந்திலோ நின்று ஆடுகளை மறிக்க வேண்டியது அவன் வேலை. பதினெட்டு வயதாகும்போது இடி விழுகிறது. அண்ணன் தம்பி பிள்ளை ஒருவனுக்கு மைக்கேல் முன்பு ஜாமீன் நின்றிருந்தார், அவன் தொழில் நொடித்துப்போகிறது. கட்ட வேண்டிய தொகை மைக்கேலின் சொத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஊரில் ஜாமீன் கையெழுத்துப் போட்டு நிலம் இழந்த குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நிலத்தில் ஒரு பகுதியை விற்கலாம் என்பது முதல் எண்ணம். பிறகு, இந்த வயல்கள் அந்நியர் கைக்குப் போனால் புதைகுழியிலும் எனக்கு நிம்மதி இராது என்று சொல்லி, பணம் சம்பாதிக்க மகனை நகரத்து உறவினரிடம் அனுப்பத் தீர்மானிக்கிறார். அந்த நிலமும் கடனோடுதான் அவர் கைக்கு வந்தது, நாற்பது வயது வரை அதில் பாதிக்கு மேல் தன்னுடையதாக இல்லை என்று மகனிடம் சொல்கிறார். புறப்படும் முன் ஓடைக்கரையில் கட்டத் தொடங்கவிருந்த ஆட்டுப்பட்டிக்கு மூலைக்கல் ஒன்றை மகனையே வைக்கச் சொல்கிறார். இது நாம் இரண்டு பேரும் செய்ய வேண்டிய வேலையாக இருந்தது, இனி என் வேலை என்கிறார்.

லூக்கின் வீழ்ச்சியைக் கவிதை ஐந்தாறு வரிகளில் முடித்துவிடுகிறது. நகரத்தில் கெட்டான், அவமானத்தில் கடல் தாண்டி ஓடினான், அவ்வளவுதான். மகன் போன பிறகும் மைக்கேல் பட்டி கட்டப் போகிறார். 'பல நாள் அங்கே போனார், ஒரு கல்லைக்கூடத் தூக்கவில்லை' என்று ஊரே நம்புகிறது என்று ஒரு வரி வருகிறது. கவிதையின் உச்சம் இதுதான். அழுதார், உடைந்தார், துடித்தார் என்று எதுவும் இல்லை. உவமை இல்லை, அடைமொழி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. 'எனக்குத் தெரியும்' என்றுகூட கவிஞர் சொல்லவில்லை, ஊர்ப்பேச்சாக விட்டுவிடுகிறார். ஏழு ஆண்டுகள் விட்டு விட்டு வேலை நடந்தும் பட்டி முடியாமலே மைக்கேல் இறக்கிறார். மூன்று ஆண்டு கழித்து இசபெலும் போக, நிலம் அந்நியர் கைக்குப் போகிறது, வீடிருந்த இடத்தில் ஏர் ஓடுகிறது. உணர்ச்சி, இயற்கை, கிராமம் மூன்றும் ஒரே கல்லில் உட்கார்ந்திருப்பதை இந்த ஒரு வரியில் காட்டிவிடலாம். உணர்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால் தூக்கப்படாத கல்லில் இருக்கிறது என்பதுதான் பதில்.

இந்தக் கவிதை யாருக்காக என்பதும் தெரிந்த செய்தி. 1801 ஜனவரி 14 அன்று அரசியல்வாதி சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்கு நூலை அனுப்பி வேர்ட்ஸ்வொர்த் ஒரு கடிதம் எழுதினார். நல்ல உடை உடுத்தாதவர்களும் ஆழமாக உணர்வார்கள் என்று காட்டவே 'மைக்கேல்', 'தி பிரதர்ஸ்' இரண்டையும் எழுதினேன் என்கிறார். சிறு நில உடைமையாளர்களுக்கு அந்தத் துண்டு நிலம் குடும்பப் பாசம் வந்து கூடும் இடமாக இருக்கிறது, அந்த வர்க்கம் வேகமாக அழிந்து வருகிறது என்றும் கவலைப்படுகிறார். ஆகவே இதை வெறும் ஏக்கம் என்று தள்ள முடியாது, கொள்கை வகுப்பவரிடம் நீட்டிய மனுவும்கூட. ஆனால் ஒரு வரம்பைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மைக்கேல் நிலம் உள்ளவர். கூலிக்கு உழைப்பவர் இல்லை.

இந்த ஓட்டையில்தான் கோல்ரிட்ஜ் கை வைத்தார். 1817இல் வந்த அவருடைய விமர்சன நூல் 'பயாகிராஃபியா லிட்டரேரியா'வின் 17ஆம் அதிகாரத்தை அவசியம் படியுங்கள். மைக்கேல் போன்றவர்களின் பண்பும் பேச்சும் கிராமத்தில் இருப்பதால் வந்தவை அல்ல, சொந்த நிலம் தந்த சுதந்திரத்தாலும் பைபிள் படிப்பு தந்த கல்வியாலும் வந்தவை என்கிறார். ஒரு மொழியின் சிறந்த பகுதி வயல்வெளிப் பொருள்களிலிருந்து பிறப்பதில்லை, மனம் தன்னையே எண்ணிப் பார்ப்பதிலிருந்து பிறக்கிறது என்பது அவருடைய அடுத்த அடி. என் பார்வையில், மொழி பற்றிய சண்டையில் கோல்ரிட்ஜ் பக்கமே நியாயம் அதிகம். வேர்ட்ஸ்வொர்த்தின் இடையர்கள் பேசுவது வட்டார வழக்கே இல்லை, செம்மையாக்கப்பட்ட எளிய ஆங்கிலம். 'தேர்ந்தெடுத்த' மக்கள் மொழி என்று அவரே 1802 முன்னுரையில் நிபந்தனை போட்டுக்கொண்டார். ஆனால் மனித மதிப்பு பற்றிய சண்டையில் வேர்ட்ஸ்வொர்த் தோற்கவில்லை.

பாவனை எங்கே நுழைகிறது என்று காட்ட அட்டை பிடிக்கும் கிழவர் வரும் 'ரெசல்யூஷன் அண்ட் இண்டிபெண்டன்ஸ்' கவிதை உதவும். டோரதி 1800 அக்டோபர் 3 குறிப்பில் அந்தக் கிழவரைப் பதிவு செய்திருக்கிறார். வைத்தியர்கள் ரத்தம் எடுக்கப் பயன்படுத்திய அட்டைகளைப் பிடித்து விற்பது அவர் தொழில். அட்டை அருகிப்போனது, நூறு அட்டை இரண்டரை ஷில்லிங் விற்ற காலம் போய் முப்பது ஷில்லிங் ஆகிவிட்டது, அவருக்கோ உடம்பில் தெம்பில்லை, இப்போது பிச்சை எடுத்து வாழ்கிறார். 1802இல் எழுதிய கவிதையில் அட்டை குறைந்தது வருகிறது, ஆனால் கிழவர் இன்னும் குளம் குளமாகப் போய்த் தேடிக்கொண்டிருக்கிறார், பிச்சை காணாமல் போய்விட்டது. மனம் தளர்ந்த கவிஞருக்கு அவர் தைரியம் சொல்லும் உருவமாக நிற்க வேண்டும், பிச்சைக்காரராக இருந்தால் அது கூடாது போலும். உங்கள் சந்தேகத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. எதிர்ப்பக்கத்துக்கு 'தி லாஸ்ட் ஆஃப் தி ஃபிளாக்' இருக்கிறது. ஐம்பது ஆடு வைத்திருந்தவர் பஞ்சத்தில் திருச்சபை வட்டார நிவாரணம் கேட்கிறார். மலையில் ஆடு மேய்கிறதே, நீ பணக்காரன், அதை விற்றுச் சாப்பிடு என்கிறார்கள். பத்து, ஐந்து, மூன்று என்று குறைந்து கடைசிக் குட்டியைக் கைகளில் ஏந்திக்கொண்டு நடுரோட்டில் அழுகிறார். நிவாரண விதி எப்படி ஓர் ஆளை முழு ஏழையாக்கிய பிறகே உதவுகிறது என்பதை 1798இலேயே கவிதையாக்கியிருக்கிறார்.

வயலில் உண்மையாகவே வேலை செய்த கவிஞர்களை கைடுகள் ஓரத்தில் தள்ளிவிடுவதுதான் எனக்குப் பெரிய குறை. ராபர்ட் பர்ன்ஸ் ஸ்காட்லாந்தின் எயர்ஷயரில் குத்தகை விவசாயியின் மகன். 1786இல் கில்மார்னக்கில் அச்சான முதல் தொகுப்பிலேயே, 1785 நவம்பரில் ஏர் ஓட்டும்போது கலைந்துபோன எலிவளையைப் பற்றிய கவிதை இருக்கிறது. 24 கட்டு கதிருக்கு எப்போதாவது ஒரு கதிர் நீ திருடினால் என்ன, மீதி எனக்குப் போதும் என்று எலியிடம் கணக்குச் சொல்கிறார். இந்தக் கணக்கு களத்தில் கட்டு எண்ணியவருக்குத்தான் வரும். ஜான் கிளேர் இன்னும் ஒரு படி கீழே, நார்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டனில் 1793இல் பிறந்த கூலித் தொழிலாளி. 1809இல் அந்த ஊருக்கான வேலியடைப்புச் சட்டம் வந்து, பொது மேய்ச்சல் வெளிகளும் நடைபாதைகளும் தனியார் நிலங்களாகத் துண்டுபட்டன. வேலியடைப்பு வந்து உழைப்பாளியின் உரிமைகளின் கல்லறைமேல் மிதித்து நடந்தது என்று 'தி மூர்ஸ்' கவிதையில் எழுதினார், அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. 1820இல் வந்த முதல் நூல் நன்றாக விற்றது, ஆனால் செல்வத்தைச் சபிக்கும் வரிகளை ஆதரவாளர்கள் பின்வந்த பதிப்புகளில் எடுக்கவைத்தார்கள்.

கிளேரின் 'தி நைட்டிங்கேல்ஸ் நெஸ்ட்'டையும் கீட்ஸின் நைட்டிங்கேல் கவிதையையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் படியுங்கள். கீட்ஸிடம் பறவை கண்ணில் படவே இல்லை. குரல் மட்டும் வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு சாவு, மது, கற்பனை என்று போகிறார். கிளேர் வாசகரைக் கையைப் பிடித்து முள்ளுக்குள் குனியவைத்து, சத்தம் போடாதே என்று சொல்லிக் கூட்டைக் காட்டுகிறார். வெளியே காய்ந்த ஓக் இலை, உள்ளே பாசி, கொஞ்சம் புல், கொஞ்சம் மயிர். முட்டை ஐந்து. நிறம் மங்கிய பச்சை என்று சொல்லிவிட்டு, இல்லை, ஆலிவ் பழுப்பு என்று தானே திருத்துகிறார். கீட்ஸ் இயற்கையைக் கண்டபடி எழுதாமல் கற்பனைக்குத் தோன்றியபடி எழுதுகிறார் என்று கிளேரே குறை சொன்னதுண்டு. அதற்காகக் கீட்ஸைத் தாழ்த்த வேண்டாம். 1819 செப்டம்பர் 19 அன்று வின்செஸ்டரில் எழுதிய 'டு ஆட்டம்' (இலையுதிர் காலத்துக்கு) கவிதையில் அறுத்த தாள் நின்ற வயலின் நிறத்தை அவர் கண்ணால் பார்த்துத்தான் எழுதினார், இரண்டு நாள் கழித்து எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. அந்தக் கவிதையில் கதிர் பொறுக்குவதும் தூற்றுவதும் ஆப்பிள் பிழிவதும் இலையுதிர் காலமே தவிர ஆட்கள் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மான்செஸ்டரில், சீர்திருத்தம் கேட்டுக் கூடிய மக்கள்மேல் குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ படுகொலையின் நிழல் இதில் உண்டு என்று சில விமர்சகர்கள் சொல்கிறார்கள். தேதி பொருந்துகிறது, வரிகளில் நேரடிச் சான்று இல்லை. சந்தேகத்தோடு குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தமிழ் படித்தவர்கள் இங்கே திணையை இழுத்துவருவது வழக்கம். முதல், கரு, உரி என்று தொல்காப்பியம் நிலத்தையும் உணர்வையும் இணைக்கிறதே, இதுவும் அதுதானே என்று தோன்றும். ஒப்பிடலாம், ஆனால் கவனம் வேண்டும். அகப்பாட்டில் பேசுவது தலைவி, தோழி, தலைவன், கவிஞர் அல்ல. குறிஞ்சி என்றால் என்ன உணர்வு என்பது பாடுபவருக்கும் கேட்பவருக்கும் முன்பே தெரிந்த மரபு. வேர்ட்ஸ்வொர்த்திடம் ஒரு தனிமனிதரின் நினைவு, தேதியும் வரைபடத்தில் இடமும் உள்ள ஓர் ஓடைக்கு அர்த்தத்தைப் புதிதாக ஏற்றுகிறது. தமிழுக்கும் இந்த இயக்கத்துக்கும் நேரடித் தொடர்பு வேண்டுமானால் பாரதி 'ஷெல்லிதாசன்' என்ற புனைபெயரில் எழுதியதைச் சொல்லலாம். ஆனால் பாரதியை ஈர்த்த ஷெல்லி விடுதலையின் ஷெல்லி. மேல்காற்றைப் பாடிய அந்தக் கவிதையில் கிராமமே கிடையாது. பைரனோ வேர்ட்ஸ்வொர்த்தின் எளிமையை 1809இலேயே கிண்டலடித்தவர். ஆகவே மூன்று பண்புகளையும், பெரிய ரொமான்டிக் கவிஞர்கள் என்று வழக்கமாகச் சொல்லும் ஆறு பேர் தலையிலும் ஏற்றுவது தவறு.

படிக்கும் வரிசை என்று கேட்டால்: 'சைமன் லீ', 'வீ ஆர் செவன்', பிறகு 'மைக்கேல்', அதன் பின் 1802 முன்னுரை, அப்புறம் கோல்ரிட்ஜின் 14, 17ஆம் அதிகாரங்கள், கடைசியில் கிளேர். முன்னுரையை முதலில் படித்தால் கவிதைகள் அதற்கு உதாரணமாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு கவிதையிலும் ஓரத்தில் பென்சிலால் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: யார் பேசுகிறார், யார் என்ன வேலை செய்கிறார், பணமோ நிலமோ எங்கே வருகிறது, உணர்ச்சி சம்பவத்தின்போது வருகிறதா பிறகா. இரண்டாவதும் மூன்றாவதும் காலியாக இருந்தால் நீங்கள் சந்தேகப்பட்ட பெருமூச்சு அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காகவே அது மோசமான கவிதை என்று ஆகிவிடாது, டாஃபடில் கவிதையிலும் இரண்டும் காலிதான். 'இயற்கையை வழிபட்டார்', 'உலகை விட்டு ஓடினார்' என்ற இரண்டு வாக்கியங்களையும் கவிதை வரியைக் காட்டாமல் எழுதாதீர்கள். மதிப்பெண் குறைவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை, எந்தப் பாடத்தை, அதாவது கவிதையின் எந்தப் பதிப்பு வடிவத்தைப் படிக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேர்ட்ஸ்வொர்த் தன் கவிதைகளை வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருந்தார். 'சைமன் லீ' 1798இல் இருந்தபடி பிற்காலத் தொகுப்புகளில் இல்லை, பத்திகளே இடம் மாறியிருக்கும். அவருடைய நீண்ட சுயசரிதைக் கவிதை 'தி பிரெலூட்' 1805இல் ஒன்று, 1850இல் அச்சானது வேறொன்று. முதலாவது 1926 வரை நூலாக வரவில்லை. கிளேருக்கு இது இன்னும் சிக்கல். பதிப்பாளர் ஜான் டெய்லர் நிறுத்தக்குறி போட்டு, வட்டாரச் சொற்களைச் சீர்செய்து வெளியிட்டதும், கையெழுத்துப் பிரதியில் புள்ளியே இல்லாமல் ஓடுவதும் பல இடங்களில் இரண்டு வேறு கவிதைகள் போல ஒலிக்கும். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் எந்தப் பதிப்பு என்று போடாத பாடம். மேற்கோள் காட்டும்போது பதிப்பாண்டைச் சேர்த்து எழுதுங்கள்.